நன்றிக்குப் போட்ட வாக்கு

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். வருகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதிடு பிள்ளை, பாரம் குறையும்" என்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன், கோப்பைகளைக் கழுவுகிறேன், துடைத்து அடுக்குகிறேன். மனம் மரத்துப்போனது என்று சொல்வார்களே, அதுதான் போலிருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த செய்தியைச் சொல்கிறேன். வருகிற வியாழக்கிழமை கவுன்சில் தேர்தல். வாக்காளர் அட்டைகள் வந்துவிட்டன. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் இல்லை என்பதை நாங்கள் இன்னும் கவுன்சிலுக்கு அறிவிக்கவில்லை. அம்மா தீட்டு என்றும் பாராமல் மூன்றையும் சாமியறைக்குக் கொண்டுபோய், நீங்கள் செய்வது போலவே அந்தக் கடிதத்துக்குக் கீழே தட்டில் வைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் குங்குமம் தொட்டுவைத்தார்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோர்பரி வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், சட்டம் போட்ட ஓர் ஆங்கிலக் கடிதம் இருந்தது. நீங்கள் ஊரிலிருந்து இங்கே அகதியாக வந்து, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்திருந்த நாட்களில், இந்த நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உங்களுக்காக எழுதிய கடிதம். அந்த மனிதரை நீங்கள் கண்டதில்லை. உங்களோடு ஒரே அறையில் இருந்த ராசன் மாமாதான் அவருடைய அலுவலகத்துக்கு அலைந்து வாங்கித் தந்தார். "எங்கட ஆக்களுக்கு உதவுறது சிவப்புக் கட்சிதான்" என்றும் அவரே சொன்னார். நீங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் சிவப்புக் கட்சி. நாங்கள் பிறந்ததும் நாங்களும்தான்.

வாக்களிக்கும் நாளில் எல்லோரும் குளித்த பிறகு அட்டைகளைப் பிரசாதம் போல ஆளுக்கொன்றாகக் கொடுப்பீர்கள். நீங்கள், அம்மா, நான், தம்பி நால்வரும் பள்ளிக்கூடம் வரை நடப்போம். வாசலில் நின்று, "எங்க போடுறதெண்டு தெரியும்தானே" என்பீர்கள். பதினெட்டு வயதில் முதல் முறை போனபோது வேட்பாளர்களின் பெயர்களைக்கூட நான் வாசிக்கவில்லை. சின்னத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே பெருக்கல் குறி போலப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். தேர்வில் பாஸ் ஆனது போல இருந்தது.

பக்கத்து வீட்டு டோரீனை உங்களுக்குப் பிடிக்கும். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் வேலை செய்தவர், தொழிற்சங்கக்காரர். வேறு கட்சிக்குப் புள்ளடி போடத் தன் கை வராது என்று டோரீன் ஒருமுறை வேலிக்கு மேலால் சொன்னார். நீங்கள் உள்ளே வந்து, "பாத்தியா, வெள்ளைக்காரரும் எங்களைப் போலத்தான். தேப்பன்ர கட்சிதான் பிள்ளையின்ர கட்சி" என்று பெருமைப்பட்டீர்கள்.

இத்தனைக்கும் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரையும் உங்களுக்குப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. தொலைக்காட்சியில் வந்தால், "இவர் என்னத்தைக் கிழிச்சவர்" என்று சத்தத்தைக் குறைப்பீர்கள். ஊரில் யுத்தத்தில் சனம் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நாங்கள் பாராளுமன்றத்துக்கு வெளியே போராட்டம் என்று வீதியில் இருந்தோமே, அப்போது உள்ளே ஆட்சியில் இருந்தது உங்கள் கட்சிதான். அடுத்த தேர்தலிலும் குங்குமம் தொட்ட அட்டையோடு போனீர்கள். தலைவர்கள் வருவினம் போவினம் என்பீர்கள். அவ்வளவுதான்.

கபிலன் மட்டும்தான் மாறினான். உங்கள் ஒரே மகன், என் தம்பி. கிங்ஸ்பரியில் கடை எடுத்து, தன் குடும்பத்தோடு அங்கே போன பிறகு, கடந்த பொதுத் தேர்தலில் சிவப்புக்கு எதிரான நீலக் கட்சிக்குப் போட்டதாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னான்.

"அப்பா, ஆர் நாட்டை நடத்த ஏலும் எண்டு பாத்துத்தான் நான் போடுவன். நீங்கள் ஒரு கடிதத்துக்குப் போடுறியள்."

"அந்தக் கடிதம் இல்லாட்டி நீயே இல்லை. நன்றி கெட்டவன். இனி இந்த வாசல்படி மிதிக்காதை."

ஒரு கடைக்காரன் வரியையும் வாடகையையும் யோசித்து ஒரு புள்ளடி போட்டதற்கு இந்தத் தண்டனை. நான் நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் அவனோடு பேசவே இல்லை.

உங்கள் கிரியைகளை அவன்தான் செய்தான். தகனசாலையில் எரியூட்டும் பொத்தானை அழுத்தியவனும் அவன்தான். வெளியே கார் நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, அப்பா கடைசியில என்னைப் பற்றி ஏதும் சொன்னவரா?" என்று கேட்டான். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, அப்பா. நான் அவனுடைய கோட்டின் பொத்தானைச் சரிசெய்தேன்.

போன சனிக்கிழமை, அந்தச் சட்டத்தில் உங்கள் படத்தைப் போடலாம் என்று அம்மா சொன்னார். கடிதத்தை வெளியே எடுத்தேன். இத்தனை வருடம் கும்பிட்ட கடிதத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். இரண்டு சின்னப் பந்திகள். பாராளுமன்ற முத்திரை இருக்கிறது. கட்சிப் பெயர் எங்கும் இல்லை. கீழே இருந்த பெயரை ஃபோனில் தேடினேன். அவர் பாராளுமன்றத்தில் இருந்த காலமெல்லாம் நீலக் கட்சியில்தான் இருந்திருக்கிறார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் ஏமாந்துபோனீர்கள், பாவம் என்று நினைத்தேன். அம்மாவிடம் காட்டினேன். அவர் ஃபோனைப் பார்க்கவே இல்லை.

"அது அப்பாவுக்குத் தெரியும்" என்றார்.

சிவப்புக் கட்சிக்காக வாக்குக் கேட்டு வந்த ஒரு பெண்ணை நீங்கள் உள்ளே கூப்பிட்டுக் கடிதத்தைப் பெருமையாகக் காட்டினீர்களாம். அவர் எங்கள் கட்சிக்காரர் இல்லையே என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாளாம். அது நடந்தது கபிலன் கடை எடுப்பதற்கு முந்தின வருடம்.

"ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை. பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை எண்டவர். அந்தக் கட்சியை இவ்வளவு காலம் எங்கட எண்டு இருந்திட்டு எப்பிடி மாறுறது, நீயே சொல்லு."

கட்சியை மாற்றாததை நான் விளங்கிக்கொள்கிறேன், அப்பா. டோரீனுக்குக் கை வராதது போல உங்களுக்கும் வரவில்லை. ஒரு பழக்கம் ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது, வேறு எங்கே போவது? அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் அவனை எப்படி நன்றி கெட்டவன் என்றீர்கள்? மேசையில் கை ஓங்கியபோது அந்தப் பெண் சொன்னது ஒரு நிமிடமாவது நினைவுக்கு வந்ததா? வந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டீர்களா?

உங்கள் மேல் எனக்குக் கோபம். இருபத்திரண்டு நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. திரும்பவும் கோப்பை கழுவப் போய்விட்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர் அச்சுக்குப் போக வேண்டும். மகளின் கடிதம் என்று இரண்டு பக்கம் எனக்கு விட்டிருக்கிறார்கள். உங்கள் படத்துக்குக் கீழே 'நன்றி மறவாதவர்' என்று போட வேண்டுமாம். எதை எழுதினாலும் இந்தக் கதையை மட்டும் எழுதாதே என்று அம்மா கேட்டுக்கொண்டார். "செத்த மனிசன்ர பேரைக் கெடுக்காதை. அவனுக்கும் சொல்லாதை. ஆறிப்போச்சுது" என்றார். எனக்கு ஆறவில்லை. அவனுக்கும் ஆறியிருக்காது.

ஆகவே நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு கிங்ஸ்பரிக்குப் போகிறேன். கபிலன்தான் முதலில் வாசிப்பான். அவன் வேண்டாம் என்றால் இது மலரில் வராது, வேறு ஏதாவது நல்லதாக எழுதிக் கொடுப்பேன். வியாழக்கிழமை அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போவேன். எங்கே போட்டீர்கள் என்று அவரிடம் கேட்கமாட்டேன்.

அப்பா கடைசி நேரத்தில் உன்னைத் தேடினார் என்று அவனிடம் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அவன் நம்புவான். ஆனால் எங்கள் வீட்டில் மறைத்தது போதும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வெட்கப்பட்டிருப்பார் என்றுதான் சொல்வேன். நீ நன்றி கெட்டவன் இல்லை என்று அன்றைக்கு அந்த மேசையில் வைத்து நான் சொல்லியிருக்க வேண்டியதையும் சொல்வேன். நீங்கள் திருப்பி எடுக்காத அந்தச் சொல்லை உங்கள் பெயரால் நான் திருப்பி எடுக்கிறேன், அப்பா. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
கபிலனின் அக்கா