மௌலாலித் தும்பை

மெட்டுகுடா,
21-9-1968

அன்புள்ள சீதாராமன் அவர்களுக்கு,

இன்று உங்களைக் கல்கத்தா வேலைக்கு வழியனுப்பும்போது பிளாட்பாரத்தில் நான் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். மௌலாலிப் பாறையில் நாம் பறித்த பூனைமுடித் தும்பை ஒரு புதிய இனம் என்றும், அதற்கு என் பெயரால் 'லோயிசியே' என்று வைத்துக் கட்டுரை அனுப்பப்போவதாகவும் சொன்னீர்கள். நான், "வண்டி நகருது, ஏறுங்க" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

சொல்லாதது இது. போன வருஷம் அந்தச் செடியின் விதைகளை எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இரண்டு தொட்டிகளில் போட்டேன். ஒன்றில் பாறைப்பொடி, எப்போதாவது தண்ணீர். மற்றதில் நல்ல மண், தினமும் தண்ணீர். "ஏட்டி, தும்பைக்குப் போய் எவளாவது தண்ணி ஊத்துவாளா? களைக்கு?" என்று அப்பா சிரித்தார்.

பாறைப்பொடியில் நம் செடி வந்தது. மண்ணில் வந்தது ரயில் பாதை ஓரத்துச் சாதாரணத் தும்பை. அகன்ற இலை, முடியே இல்லை. இந்த மழைக்கும் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். அந்த முடி வெயிலும் பாறையும் கொடுத்தது, வம்சம் கொடுத்ததல்ல.

ஒரு மாதமாக எனக்கு இது உறுதியாகத் தெரியும். அச்சாகும்வரை பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். கட்டுரையை அனுப்பிவிடாதீர்கள்.

லோயிஸ் ஜேசுராஜ்


கல்கத்தா,
9-10-1968

அன்புள்ள லோயிஸ்,

நான் நாற்பது செடிகளை அளந்திருக்கிறேன். நீங்கள் இரண்டு தொட்டி வைத்திருக்கிறீர்கள்! கல்லூரியில் நான் பாடம் நடத்தும்போதும் இப்படித்தான். 'இது தப்பு சார்' என்று முகத்தில் எழுதியிருக்கும். வாயைத் திறக்க மாட்டீர்கள்.

கட்டுரையை நிறுத்திவைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயர் வேண்டாமென்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே, அதற்குத் தொட்டி எதற்கு? அந்தப் பெயரை நான் செடிக்காக மட்டும் வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஒரு ஜாதகம் அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.

உங்கள்
சீதாராமன்


மெட்டுகுடா,
20-10-1968

அன்புள்ள சீதாராமன் அவர்களுக்கு,

தொட்டிச் செடிகள் இரண்டையும் அழுத்திக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். மௌலாலிச் செடியை ஒட்டி, நீங்கள் பென்சிலில் 'லோயிசியே' என்று சீட்டு எழுதிய தாளையும் என் பொறுப்பிலுள்ள கல்லூரி அலமாரியிலிருந்து எடுத்து அதே பார்சலில் வைத்திருக்கிறேன். மூன்றையும் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

பெயர் வேண்டாமென்று நான் எழுதவில்லை. செடி வேறல்ல என்றுதான் எழுதினேன். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் பேசிக்கொண்டு நிற்கையில், நான் திங்கட்கிழமைத் தபாலை நினைத்துக்கொண்டு நிற்கிறேன்.

லோயிஸ்


மெட்டுகுடா,
3-2-1969

அன்புள்ள சீதாராமன் அவர்களுக்கு,

பார்சல் திரும்பி வந்தது. தாளில் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள்: சாதாரணத் தும்பையின் பெயர், உங்கள் கையெழுத்து, தேதி. ஒத்துக்கொண்டதற்கு நன்றி. கடிதம் ஏதாவது இருக்குமோ என்று, செடிகளுக்கு இடையில் வைத்திருந்த செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் வங்காளிப் பேப்பர்.

பெயர் மாறினாலும் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது என்று நீங்கள்தான் வகுப்பில் சொல்வீர்கள். நீங்களும் கிழிக்கவில்லை. பென்சில் எழுத்து புதுச் சீட்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

உங்கள் கல்யாணப் பத்திரிகை எல்லாருக்கும் பொதுவாகக் கல்லூரித் துறை முகவரிக்கு வந்தது. நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கிறார்கள். என் வாழ்த்துகள்.

இன்று மத்தியானம் அந்தத் தாளைச் சாதாரணத் தும்பையின் உறைக்குள் வைத்து அலமாரியைப் பூட்டினேன்.

லோயிஸ்