இடப்பக்க விளக்கும் இரண்டு சத்தியமும்

ஜமுனாமரத்தூர்,
28-8-1988

அன்பு மகன் வேடியப்பனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் உன் தங்கச்சி அம்சவல்லியும் அம்மன் தயவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சோறு தின்று காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் ஒரு குடோனில் மூட்டை தூக்குவதாக நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. மொத்தமே நாலு வரி, அதிலும் ஒரு வரி இனிமேல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று. அம்சவல்லி தான் எழுதித் தருகிறேன் என்றாள், அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், ஆனால் இதை நான்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் கடைசி வரைக்கும் படி, பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே. உனக்குப் படபடப்பு வேண்டாம், சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ சொன்னது பொய் இல்லை, சின்னராசு சொன்னதும் பொய் இல்லை. கோளாறு வண்டியில் இருந்தது, அதைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அன்றைக்கு நடந்ததை நீ உனக்குள்ளே எத்தனை தரம் ஓட்டிப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். கலசப்பாக்கம் சந்தையில் புளியை இறக்கிவிட்டுப் நம்ம புது மினி லாரியில் பொழுது சாய்கிற நேரத்துக்கு மலையேறி வந்தாய், மாடுகள் குறுக்கே வந்தன, பிரேக்கை விட்டு விட்டு மிதித்தாய், பின்னால் மொபெட்டில் வந்த நம்ம தெரு சின்னராசு மோதிக் காலை ஒடித்துக்கொண்டான். கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் கூப்பிட்டு விசாரித்தபோது அவன், பிரேக் லைட்டே எரியல, லெப்ட் இண்டிகேட்டர் மினுக்குச்சு, ஓரம் ஒதுங்கி சைடு குடுக்கறான்னு வேகமா வந்தேன் என்றான். நீ, பிரேக்க மிதிச்சது நெசம், இண்டிகேட்டர நான் தொடவேயில்ல என்றாய். ரெண்டு பேருமே எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினீர்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா, ரெண்டில் ஒன்று பொய்ச் சத்தியம், பண்ணினவன் வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு கேடு விழும் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே நீ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். வெட்கத்தில் போய்விட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதுதான் அம்சவல்லி வாயைத் திறந்தாள். போகிறபோது அவளிடம், ஒருவேளை கை தவறி சுவிட்ச்சத் தட்டிட்டேனோ இன்னாமோ, தப்பு என்னுதுன்னா அந்தக் கேடு என்னோடயே போகட்டும், வூட்டு மேல விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாயாமே. அதற்குப் பதில் பின்னால் சொல்கிறேன், இப்போது வண்டிக் கதையைக் கேள்.

வண்டி நம்ம பலா மரத்தடியிலேயே கிடந்தது. கோழி உள்ளே ஏறி முட்டை போட ஆரம்பித்துவிட்டது. ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு, தள்ளிவிடலாம் என்று உங்கப்பா வாணியம்பாடி ரஹ்மான் பாய்க்குச் சொல்லி அனுப்பினார், நம்ம புளியை எடுக்கிறவர்தானே, அவரே ரெண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர். எனக்கு இஷ்டமில்லை, வந்த மனுஷனுக்கு முகம் கொடுத்து ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை. பாய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், செத்துக் கிடந்த பேட்டரிக்குத் தன் வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணினார், அம்சவல்லியை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். நின்றவர், இன்னாக்கா இது, பிரேக்க மிதிச்சா லெப்ட் இண்டிகேட்டர் மினுக்குது, பொண்ணு அந்த சுவிட்ச்சத் தொட்டுதா என்று கேட்டார். அவள் ரெண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வெயில் படாமல் ஒரு கோணியைப் போர்த்திப் பார்த்தோம். மிதி என்றால் மங்கலாக எரிகிறது, விடு என்றால் அணைகிறது, விட்டு விட்டு மிதித்தால் இண்டிகேட்டர் போட்ட மாதிரியே மினுக்குகிறது. பிரேக் லைட் இருக்கிற இடம் இருட்டாகவே கிடக்கிறது. சின்னராசு பார்த்தது என் கண்ணெதிரே இருந்தது, நீ சொன்னதும் அங்கேயே இருந்தது.

பாய் விலை பேச வந்ததையே மறந்துவிட்டார். வலப்பக்கத்து பிரேக் லைட் பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டினார், உள்ளே கம்பி அறுந்து கிலுகிலுத்தது. இடப்பக்கம் புது பல்பு போட்டும் அதே மினுக்கல்தான். பிறகு ஒரு நீள வயரை எடுத்து ஒரு நுனியை பேட்டரி மைனஸில் வைத்து மறு நுனியை அந்த விளக்கின் தகட்டில் தொட்டார், பளிச்சென்று சிவப்பாக எரிந்தது பார். கரண்டு வர்றதுல ஒண்ணும் கொறையில்லக்கா, திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு, அதான் பக்கத்துல இருக்கற இண்டிகேட்டர் வழியாப் புகுந்து போவுது என்றார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். விளக்கு வயரைச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கிற போல்ட்டில் பச்சைப் பசேலென்று களிம்பு, ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் ஏறுமே, அதேதான். உப்புப் போட்டு மிதித்த புளியைத்தானே கூடை கூடையாக ஏற்றினோம், கோடை மழையில் நனைந்து கசிந்து அந்த மூலையில் சொட்டியிருக்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. பல்பு படம் போட்ட சின்னச் சிவப்பு லைட்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் மாசி மாசத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்ததே, புது வண்டிக்கு எது கோளாறு வரப்போகிறது, கண்ணை உறுத்துகிறது என்று உங்கப்பா அதன் மேல் அம்மன் ஸ்டிக்கரை ஒட்டினாரே, பாய் அதை உரித்தார், அடியில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் பல்பு போனால் சொல்வதற்குத்தான் அந்த லைட்டாம். உங்கப்பா திரும்பி நின்று மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை, மறுநாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாய் உப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன். தேய்க்காதீங்க பாய், போட்ட புது பல்பையும் கழட்டிப் பழசையே மாட்டுங்க, கோளாறு அப்படியே இருக்கணும் என்றேன். ரெண்டு சத்தியத்து விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் பழைய பல்பையே மாட்டினார், பொழுது சாயும் வரைக்கும் காத்திருந்து அவரே வண்டியைக் கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். உங்கப்பா ஊர்க்கவுண்டரை அழைத்து வந்தார். சின்னராசு தடியை ஊன்றிக்கொண்டு வந்தான், அவன் பெண்டாட்டி மங்கம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அம்சவல்லி பிரேக்கை மிதித்தாள். சின்னராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இதான்க்கா, இந்த மினுக்கல்தான் என்றான். பிறகு எழுந்து போய் டிரைவர் சீட்டில் ஏறி, சுவிட்ச் எப்படி இருக்கிறது என்று பார்த்து, தன் நல்ல காலால் தானே மிதித்துப் பார்த்தான். ஊர்க்கவுண்டர் குனிந்து பின்னால் பார்த்துவிட்டு, ரெண்டு சத்தியமும் நெசந்தான், யார் வூட்டு மேலயும் கொறை இல்ல என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மங்கம்மாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆடி மாசம் அந்தக் குழந்தைக்கு விடாமல் காய்ச்சல் அடித்ததாம், தன் புருஷன் பண்ணின சத்தியம்தான் பொய்யோ என்று உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒருத்திதான் அப்படித் தவிக்கிறேன் என்று நினைத்தேன், ரெண்டு வீடு தள்ளி அவளும் அப்படியே இருந்திருக்கிறாள். சின்னராசு உப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, ஒடிந்த காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அந்தப் போல்ட்டைத் தானே தேய்த்தான். பல்பையும் மாற்றினார்கள். அப்புறம் மிதித்தபோது பின்னால் நின்றவர்கள் முகமெல்லாம் சிவப்பு, உள்ளே அந்தச் சின்ன லைட்டும் அணைந்துவிட்டது.

வண்டியை விற்கவில்லை. ரஹ்மான் பாய், இது ஓட்றவன் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கட்டும், நான் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவருக்கு அன்றைக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டுத்தான் அனுப்பினேன். சாமை முழங்கால் உயரம் நிற்கிறது, மழை பரவாயில்லை. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உங்கப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை, பீடியை விடு என்றால் காது கேட்காதவர் மாதிரி இருக்கிறார். அம்சவல்லி தினமும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறாள், அப்படியே ஓட்டிப் பழகிவிடுவாளோ என்று எனக்கு ஒரு பயம். வெறும் வயிற்றோடு மூட்டை தூக்காதே, தூக்கின உடனே தண்ணீர் குடிக்காதே.

இப்போது நீ அம்சவல்லியிடம் சொன்னதற்கு என் பதில். கேடு உன்னோடேயே போகட்டும் என்றாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா. நீ ஆயிரம் மைல் தள்ளிப் போய் நின்றால் அது என்னை விட்டுவிடுமா. உன் தலையில் விழுந்தால் அது என் தலையில் விழாமல் வேறு எங்கே விழும். எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று போனாய், நீ போனதுதான் இந்த வீட்டுக்கு வந்த கேடு, வேறு ஒரு கேடும் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லைடா, உன் மேல் உயிரை வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஊரே இல்லை என்றாலும் உன் சொல்லை நான் நம்புவேன், அதை நீ போகிற அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல கண்ணும் திடமான கையும் கொடுக்கட்டும், உங்கப்பா ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது, அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இதற்குப் பதில் கடிதம் போட்டு நாளைக் கடத்தாதே, நீயே கிளம்பி வா. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக நம்ம வீட்டுக்கு ஓடி வராதே. முதலில் சின்னராசு வீட்டு வாசலில் போய் நில், அவன் காலைப் பார், குழந்தையைத் தூக்கு, மங்கம்மாள் சோறு போட்டால் வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிடு. அதற்கப்புறம் வா. இத்தனை மாசம் காத்திருந்தவளுக்கு நீ அங்கே சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
பச்சையம்மா