கை வைத்து மறைத்த அட்டை

இன்று வெள்ளிக்கிழமை. அம்மனுக்குப் படைக்க எலுமிச்சம்பழச் சாதம் கிளறலாமென்று பழத்தை நறுக்கினேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குழாயடியில் எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தானே நீ படியேறுவாய். "சாமி வெளக்கு எரியிற வூடு. கவுச்ச வாடையோட எப்டிக்கா வர்றது?" என்பாய். நான் ஒருநாளும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வேண்டாமென்றும் சொன்னதில்லை.

என்னைப் பற்றி உனக்கு அவ்வளவு பெரிய எண்ணம். தெற்கே எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த பிறகு, கடைக் கணக்கு எழுதி எழுதியும் பதிகப் புத்தகத்தை ஓதி ஓதியும் நானாகத்தான் தமிழைப் பிடித்துக்கொண்டேன். இங்கிலீஷ் என்பது அரிசி மூட்டையிலும் எண்ணெய் டின்னிலும் பார்த்துப் பழகியது. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்கிற மாதிரி, அச்சைப் பார்த்து இது இன்னது என்பேன். அவ்வளவுதான் என் இங்கிலீஷ். நீயோ கடைவாசலில் நின்று, "அண்ணாச்சி, யக்காவ கல்லாவுல குந்த வச்சிட்டு நீ மூட்ட தூக்கு. அதுதான் பட்சது" என்று என் வீட்டுக்காரரைக் கலாய்ப்பாய். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்த நினைப்பில்தான் உன் மகளை என்னிடம் விட்டாய். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர், இங்கிலீஷ் எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள சத்தத்தைச் சொல்லிக்கொடுத்து, சத்தங்களைக் கூட்டி வார்த்தையாக்கப் பழக்கினார். "புள்ளைங்கள பாம்பு மாரி உஸ்ஸு உஸ்ஸுன்னு கத்த வுட்டுகினுகீது யக்கா. பரிச்ச வேற வைக்கப் போவுதாம். நீ குந்த வச்சி சொல்லிக் குடேன்" என்று வாசிப்புச் சோதனைக்கான அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாய்.

அந்த அட்டையை எனக்கே படிக்கத் தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகனிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் நான் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. பதிகங்கள் எனக்கு அப்படித்தான் வந்தன. நெஞ்சில் நின்றுவிட்டால் படித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உன் மகள் கெட்டிக்காரி. "சாம் ஹாஸ் எ ரெட் பேக்" என்று தொடங்கினால் மூச்சு விடாமல் கடைசி வரி வரை போவாள். சோதனைக்கு முதல் நாள் என் பென்சில் எழுத்தை எல்லாம் ரப்பரால் அழித்தேன். அதை அழிக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது?

சோதனையன்று என்னையும் கூடவே இழுத்துப் போனாய். அவள் முறை வந்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று சொன்னாள். நீ என் தொடையைக் கிள்ளினாய். டீச்சர் எழுந்து வந்து அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். அவள் நிறுத்தவில்லை. கைக்கு அடியில் இருந்த வரிகளையும் அதே ராகத்தில் சொல்லி முடித்தாள். பிறகு டீச்சர் அதே எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் பலகையில் சின்னதாக ஒரு வார்த்தை எழுதினார். பிள்ளை பலகையைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். 

"மனப்பாடம் பண்ணியிருக்கா. எழுத்தோட சத்தம் இன்னும் பிடிபடல. சாயங்காலம் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்களோட உட்காரட்டும், சீக்கிரம் வந்துரும்" என்றார் டீச்சர். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை.

நீ எழுந்துவிட்டாய். "இன்னா நாயம் டீச்சர் இது? கொயந்த சொல்லிகினு போவுது, குறுக்கால கைய வச்சி மறைக்கிற. மறைச்சப்புறமும் படிக்கிதுன்னா அது எம்மாம் பெரிய கெட்டிக்காரி! உன்னால முடியுமா, எங்க, நா மறைக்கிறேன் படி பாப்போம்." மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். "எங்க யக்கா கையால கத்துகின புள்ள இது. யக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாய்.

டீச்சர் என்னைக் கேட்டார். "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"இல்லீங்க. சும்மா பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது நீ அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாய். "ஏன்க்கா அப்டி சொன்ன? நீதான்னு நெஞ்ச நிமித்தி சொல்றதுக்கு இன்னா? உனுக்குப் பெருமையே புடிக்காதுக்கா." எதிரில் இருந்த அம்மாவிடமும் சொன்னாய், இவ்வளவு அடக்கமான ஆளைப் பார்த்திருக்கிறாயா என்று. நான் பயந்து பொய் சொன்னதை நீ அடக்கமென்று எடுத்துக்கொண்டாய். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிக் குனிந்ததும் நீ சொன்ன அடக்கத்துக்குத் தோதாகத்தான் இருந்தது.

அந்தச் சாயங்கால வகுப்புக்கு நீ பிள்ளையை அனுப்பவே இல்லை. என்னிடமே விட்டாய். வருஷா வருஷம் புத்தகம் மாறியது. நான் மாறவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். போன ஐப்பசியில் மீன் ஏலம் நடக்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான் நீ, எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் பிள்ளையின் கையைப் பிடித்து என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "அவ ஆசப்பட்ட மாரியே உங்களாண்டயே படிக்கட்டும்மா" என்றார். எந்தச் சாமியைக் கும்பிடவும் அன்று எனக்குக் கண் நிமிரவில்லை.

நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புதுப் பாடத்தைக் காட்டினால் என் வாயையே பார்க்கிறாள். போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த டீச்சரிடம் போனேன். "தப்பாச் சொல்லிக் குடுத்தது நான்தான். அன்னைக்கு இல்லைன்னுட்டேன்" என்றேன். டீச்சர், "இப்ப வந்தீங்களேம்மா" என்று மட்டும் சொல்லி, குட்டிப் பிள்ளைகளின் பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் ஒதுக்கினார். முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த வாண்டு, "ஆயா, வாய இன்னும் தொற" என்று எனக்குச் சத்தம் சொல்லிக்கொடுத்தது.

வெளியே வந்ததும் உன் மகள் கேட்டாள். "அப்ப எங்கம்மா டீச்சராண்ட சண்ட போட்டது தப்பா பெரியம்மா?"

உன் சண்டையை அவள் எவ்வளவு பெருமையாக வைத்திருந்தாளென்று எனக்குத் தெரியும். தெருப்பிள்ளைகளிடம் நடித்தே காட்டுவாள். "சண்ட போட்டது தப்பில்லடி. உனக்காகப் போட்டா. என்னோட போட்டிருக்கணும், நான் விடல" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். ரோடு முழுக்க நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. ஒரு லாரியின் பின்னால் நின்று, கதவில் பெரிதாக எழுதியிருந்த மூன்று எழுத்தை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு, "ம்... ஆ... ம்... ஏ... க்ஸ்..." என்று திக்கினாள். அந்த ராகமெல்லாம் போய்விட்டிருந்தது. கேட்கவே சகிக்கவில்லை. "மேக்ஸ்" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் படித்த முதல் வார்த்தை.

"மேக்ஸுன்னா இன்னா பெரியம்மா?"

வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருப்பேன். அவளும் நம்பியிருப்பாள், உன்னைப் போலவே.

"எனக்குத் தெரியல" என்றேன்.

"உனுக்கே தெரியாதா?" என்று திரும்பி, சந்தேகத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நீ என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும். அந்தப் பார்வையைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன், உன்னிடமிருந்து வரவேண்டியதை உன் மகளிடம் வாங்கிக்கொண்டவளாக.