மடியில் இருந்தவள்

12 மே 1957, ஞாயிறு

தங்கை பூரணிக்குத் திருச்சியில் கல்யாணம். அதே வாரம் அங்கே பெட்மின்டன் போட்டியும் நடக்கிறதாம். ஹட்டனில் இவர் விளையாடும் கிளப் இவரைத்தான் அனுப்புகிறது. அதனால் கடல் தாண்டி ஆகாய விமானப் பயணம், இருவருக்கும்! தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் சம்சாரம் நான், பிளேனில்! காலையிலிருந்து தலைகால் புரியவில்லை.

இவர் முகத்தில் மட்டும் கவலை. "மட்டைய எப்படிக் கொண்டுபோறதுன்னுதான் ரோசனையா இருக்கு" என்றார்.

15 மே

இந்த ஈரக் காற்றில் மட்டையின் நரம்பு இளகிவிடுமாம். அடுப்புக்குப் பக்கத்தில் துணி காய்கிற ஒரே இடத்தில் இப்போது அது தொங்குகிறது. என் பாவாடை மூன்று நாளாக ஈரம்.

மரச்சட்டத்தில் பூட்டி, நாலு திருகையும் முறுக்கி, கோணியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார். என்னை இப்படி என்றைக்காவது பார்த்திருக்கிறாரா?

17 மே

ஹட்டன் டெய்லரிடம் அதற்கு உறை தைத்து வந்திருக்கிறார். சிவப்புப் பிளானல், உள்ளே பஞ்சு, வெள்ளைப் பித்தான். என் ரவிக்கைக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிற மனுசன்!

பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா பார்த்துவிட்டு, "என்னா வடிவு, மூத்தவளுக்குத் துணி எடுத்தாச்சு, இளையவளுக்கு எப்ப?" என்றாள். சிரித்து வைத்தேன். அவள் போனதும் அழுகை வந்துவிட்டது.

சக்களத்தி. எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

20 மே

பிளேனில் பெட்டியை நிறுத்துத்தான் ஏற்றுவார்களாம். கொழுந்துத் தராசில் வைத்துப் பார்த்தார். கூடிவிட்டது. இறகுப் பந்துகள் நசுங்காமலிருக்க அவற்றைப் பிஸ்கட் டின்களில் அடைத்திருக்கிறார், அந்தப் பாரம். டின்னில் கை வைக்கவில்லை. என் பட்டுப்புடவை இரண்டில் ஒன்றை வெளியே எடுத்தார். என் தங்கை கல்யாணத்துக்கு!

"மட்டையாவது பெட்டியில போகுமா?"

"பெட்டியத் தூக்கி எறிவாங்க புள்ள. மடியிலதான் வச்சுக்கணும்."

"அப்ப என்னையப் பெட்டியில போட்டு ஏத்துங்க."

இவர் மட்டைச் சட்டத்தின் திருகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

23 மே

நாளை ரத்மலானை விமான நிலையத்தில் பிளேன் ஏறுகிறோம். உடைந்து தொலையட்டும் அது.

25 மே, திருச்சி

நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஜன்னல் பக்கம் எனக்கு, மடி மட்டைக்கு. கடல் தெரிந்தபோது "அங்க பாருங்க" என்றேன். பார்த்தார். கை மட்டையின் மேலேயே இருந்தது.

பிறகு மேகம். பிளேன் தொப்பென்று இறங்கியது, மறுபடி இறங்கியது. எனக்கு வாந்தி பிடித்துக்கொண்டது. காகிதப் பை இரண்டும் நிறைந்துவிட்டன. இன்னும் வருகிறது — இத்தனை பேர் நடுவில், புதுச்சேலையில் — ஐயோ, என்ன செய்வேன்? இவர் பித்தானைப் பிய்த்து, உறையை உருவி, என் வாயருகே பிடித்தார்.

"வடிவு, இதுல எடு. ஒண்ணுமில்ல, எடு."

மறு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். மட்டை எங்கே விழுந்தது என்று இருவருக்கும் தெரியாது. இறங்கும்போது ஆசனத்துக்கு அடியிலிருந்து எடுத்தார். யார் பூட்ஸ் மிதித்ததோ, நரம்பு இரண்டு அறுந்து கிடந்தது.

நான் கேட்டதுதானே? சந்தோஷம் வரவில்லை.

27 மே

இரவல் மட்டையில் விளையாடி முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார். "மாப்புள, உங்க மட்டைக்கு என்னாச்சு?" என்று கல்யாண வீட்டில் என் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நாந்தான் கைதவறிக் கீழ போட்டுட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை.



2 ஜூன்

வீடு வந்து சேர்ந்தோம். திரும்பும்போது மட்டையைப் பெட்டிக்குள் வைத்து ஏற்றிவிட்டார். "எறிவாங்களே?" என்றேன். "எறியட்டும்" என்றார். மேகம் வந்ததும் என் கையைப் பிடித்தார். மேகம் போன பிறகும் விடவில்லை.

ரத்மலானையில் இறங்கியதும் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து முதலில் மட்டையைத்தான் பார்த்தார்.

பார்க்கட்டும்.