நான் மேசையில் வைத்த அடையாள அட்டை

கொட்டாஞ்சேனை,
16.02.2026

அன்பு மகன் கிறிஸ்ரிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், மம்மியின் முழங்கால் மட்டும் இதில் சேராது. நீயும் அந்தக் குளிரில் இருமல் தடிமன் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். காரணம் இருக்கிறது. நம் வீட்டில் ஒரு மூலையில் மெதுவாகக் கதைத்தாலும் மறு மூலையில் தெளிவாகக் கேட்கும், இது தங்கச்சியின் காதில் விழக் கூடாத விஷயம். பக்கத்து வீட்டு டெரிக் புதன்கிழமை ரொறன்ரோவுக்குத் தன் மகளிடம் போகிறார், மம்மி இடித்த மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் அவரிடம் கொடுத்துவிடுகிறோம், அந்தப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன்.

விஷயம் தங்கச்சி நதீஷாவைப் பற்றியது. போன மாதம் நீ போனில் மம்மியிடம் சொன்னது நினைவிருக்கிறதா, தங்கச்சியை அங்கே படிக்க எடுக்கலாம், ஆனால் இவள் வாயைத் திறக்க மாட்டாள், எல்லாவற்றுக்கும் டடியின் பின்னால் ஒளிப்பாள், தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று. மம்மி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைத்தார். இவள் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் ஆள் எடுக்கிறார்கள், ஏ.எல். சோதனை றிசல்ற் வரும்வரை வேலைக்குப் போகப் போகிறேன் என்றாள். விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டும் வந்திருக்கிறாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை, துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தவனின் மகள் அரிசி நிறுக்கப் போவதா என்று மம்மியிடம் கத்தினேன். நீங்கள் மட்டும் என்ன கப்பலா ஓட்டினீர்கள் என்று மம்மி கேட்டார்.

இந்த மாதம் மூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ரவியூ. முதல் நாளே நான் ஒரு பைல் ஆயத்தப்படுத்தினேன், பிறப்புச் சாட்சிப்பத்திரம், கிராம சேவகரின் நற்சான்று, பள்ளிக்கூடத்துக் கடிதம், பங்குத்தந்தையின் கடிதம், எதற்கும் இருக்கட்டும் என்று ஞானஸ்நானச் சான்றிதழும். தான் தனியாகப் போவதாகத்தான் அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. சிங்களத்தில் கேள்வி கேட்பார்கள், அவளுடைய சிங்களம் பள்ளிக்கூடத்துச் சிங்களம், என்னுடையதில் ஒருவரும் பிழை பிடிக்க முடியாது என்பது உனக்கே தெரியும். அரிசி மூட்டைகளுக்கும் பிஸ்கட் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, மனேஜர் உன்னிலும் இளையவன், மரியாதையான பெடியன், எனக்கும் ஒரு கதிரை போட்டான். அவன் தங்கச்சியைப் பார்த்துத்தான் பெயர் என்ன என்று கேட்டான். நான் சொன்னேன். பெயரோடு நிற்கவில்லை மகன். பிறந்த திகதி, வீட்டு இலக்கம், இந்த வீட்டில் எத்தனை வருஷம் இருக்கிறோம், நான் எங்கே வேலை செய்தேன், இப்போது எங்கே இருந்து வருகிறோம், எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என்னுடைய அடையாள அட்டையை எடுத்து அவளுடைய அட்டைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, கை தானாகப் போய்விட்டது. அவன் அதைத் தொடவே இல்லை. பிறகும் மூன்று நாலு கேள்வி கேட்டான், நாள் முழுக்க நிற்க முடியுமா, கோபமாக ஒரு ஆள் வந்தால் என்ன செய்வாய் என்று. ஒவ்வொன்றுக்கும் அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பதில் சொன்னேன். கடைசியில் அவன் சிரித்துக்கொண்டு, வேலைக்கு வரப் போவது அங்கிளா நங்கியா என்று தங்கச்சியைக் காட்டிக் கேட்டான். அறிவிக்கிறோம் என்று எழுந்துவிட்டான்.

வெளியே வந்து, நன்றாகத்தான் போனது என்றேன். அவள் சந்திவரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். சந்தியில் நின்று, “டடி, என்ர பெயரையாவது நான் சொல்லியிருப்பன்தானே,” என்றாள். கண் கலங்கியிருந்தது. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அவள் கோபிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையைப் பேர்சுக்குள் வைக்கும்போதுதான் எனக்குப் பொரளை ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது பதினாலு வயது, இவள் மம்மியின் கையில் குழந்தை. உன் பல்லை டொக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது பொரளைச் சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் உன்னிடம்தான் பெயர் கேட்டான், உனக்கு முந்தி நான் சொன்னேன், பெயர், விலாசம், எத்தனை வருஷம், எங்கே போய் வருகிறோம், இதே வரிசையில். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாயைத் திறக்காதே, நான் கதைக்கிறேன் என்று உனக்குப் பழக்கியவன் நான்தான். அன்றைக்கு அது தேவையாக இருந்தது, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு நல்ல பெடியனுக்கு முன்னால், அதையே செய்திருக்கிறேன். வாய் திறக்காதவள் என்று அவளைச் சொன்னாயே, அந்த வாயை இவ்வளவு காலமும் அடைத்து வைத்திருந்தது நான்தான். எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது மகன், இதை மம்மியிடம்கூட நான் சொல்லவில்லை.

ஒரு கிழமைக்கு மேலாகியும் அங்கிருந்து ஒரு அறிவித்தலும் இல்லை. போன வியாழக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது, மாதா கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று வெளிக்கிட்டாள். பைல் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. பதினொரு மணிக்குத் திரும்பி வந்து ஒரு கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள், மார்ச் இரண்டாம் திகதி வேலைக்கு வரச் சொல்லி. கோயிலுக்கும் போனவளாம், கடைக்குப் போகும் வழியில். மம்மி கட்டிப் பிடித்து அழுதார், நான் தேத்தண்ணி போட்டேன். மனேஜரிடம் போய் என்ன சொன்னாள், அவன் என்ன கேட்டான், எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். அண்ணாவுக்குத்தான் முதலில் சொல்லுவேன் என்றாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வேலையில் இருந்தபடியால் கதைக்க முடியவில்லை, அந்தக் கதையை இன்னும் உனக்காக வைத்துக்கொண்டு திரிகிறாள்.

இவ்வளவையும் எழுதி முடித்துத் திருப்பி வாசித்தால், அவள் உனக்குச் சொல்ல இருந்ததில் பாதியை நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். என் பழக்கம் என்னை விடாது போல. கிழித்துப் போட யோசித்தேன், ஆனால் பொரளைக் கதையை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆகையால் வருகிற ஞாயிறு அவள் கதைக்கும்போது ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டுக்கொண்டிரு, இடையில் புகுந்து கதைக்காதே. அங்கே படிக்க வருவதைப் பற்றியும் இனி அவளிடமே கேள்.

பனியில் கார் ஓட்டும்போது அவசரப்படாதே, பூசையைத் தவற விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மம்மியின் முத்தமும் இதோடு வருகிறது. மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை இங்கே பின்னேரம் ஆறு மணி. அந்த நேரம் நான் வீட்டில் இருக்க மாட்டேன், வெளியே ஒழுங்கையில் போய் நிற்பேன். அவள் மனேஜரிடம் என்ன சொன்னாள் என்று நீ எனக்குச் சொல்லிவிடாதே. என்றைக்காவது அவளே எனக்குச் சொல்லட்டும்.

உன் அன்புள்ள டடி,
றேமண்ட்