முள் போட்ட கிணறுகள்

நெடுங்கரைவயல்,
12.4.2008

அன்புள்ள அத்தானுக்கு,

பூமயில் எழுதுவது. மாமாவும் நானும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கத் தேவையில்லை. வரிக்கு வரி கேள்விக்குறி போட்டு நீங்கள் அனுப்பிய மெயிலிலேயே ஹைதராபாத்தில் உங்கள் பாடு தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்ட நாலு வரி நிரலையும் மங்கலம் பிரவுசிங் சென்டரிலிருந்து அன்றைக்கே அனுப்பினேன். ‘தேங்க்ஸ்’ என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. போன் போட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா, அதனால் மீதியை இதில் எழுதுகிறேன்.

ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருள் கெட்டுப்போய்விட்டது, உப்பு ஐயாயிரம் இருக்கிற கிணற்றை மூன்று என்று வரைகிறது என்று புலம்பியிருந்தீர்கள். அது கெடவில்லை. உங்கள் கோப்பில் உப்பின் அளவு இருக்க வேண்டிய கட்டங்களில் நடுநடுவே mul என்று ஒரு வார்த்தை கிடக்கிறது. ஓரிடத்தில் எழுத்து வந்துவிட்டால் போதும், ஆர் அந்தக் கட்ட வரிசை முழுவதையும் எண்களாகப் பார்க்காது, பெயர்களாகப் பார்க்கும். பெயர்களை வரிசையில் அடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே ஒரு நம்பரும் போட்டுக்கொள்ளும். நீங்கள் அவசரப்பட்டு ‘எண்ணாக்கு’ என்றதும் அந்த நம்பரைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பிள்ளையின் உயரத்தைக் கேட்டால் ரோல் நம்பரைச் சொல்கிற மாதிரி. முதலில் எழுத்தாக்குங்கள், பிறகு எண்ணாக்குங்கள், கிராஃப் நேராகிவிடும். mul இருக்கிற கட்டங்கள் மட்டும் NA ஆகிவிடும், அதாவது விவரம் இல்லை.

இதெல்லாம் எம்.எஸ்சி. முதல் வருஷப் பாடம் அத்தான். வகுப்பில் எனக்கு அடுத்த இடம் உங்களுக்கு. நான் இங்கே டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன், நீங்கள் அங்கே டை கட்டிக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள். இருக்கட்டும்.

அந்த mul எழுத்துப் பிழை என்று உங்கள் ஆபீஸில் நினைப்பார்கள். நீங்கள் அப்படி நினைக்க முடியாது. உங்கள் ஆபீஸ் அறிக்கை போட்டுக்கொடுக்கிற இறால் பண்ணைக் கம்பெனிக்காக மாதாமாதம் பாட்டிலில் தண்ணீர் எடுக்கிறவன் நம்ம பால்சாமி. பண்ணை வந்த நாளிலிருந்து எந்தக் கிணறு உப்பேறுகிறதோ, அதன் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மூடுகிறோம். முள் போட்ட கிணற்றில் இந்த ஊர்க்காரன் வாளி விடமாட்டான், மாட்டுக்குக்கூட. அது இழவு வீட்டில் போய் விருந்து கேட்கிற மாதிரி. வெளியூர்க்காரன் என்றால் முள்ளை ஒதுக்கிவிட்டு மொண்டிருப்பான். பால்சாமி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, தாளில் ‘முள்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். நம் வீட்டுக் கிணறும் அதில் ஒன்று. மாமா தன் கையாலேயே முள் வெட்டிப் போட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இனிமேல் சராசரி கேட்டால் ஆர் உங்களுக்கு NA என்று கையை விரிக்கும். na.rm=TRUE என்று சேர்த்தால் இல்லாததைத் தள்ளிவிட்டு இருப்பதற்குச் சராசரி தரும். அதைச் சேர்க்காதீர்கள். ரொம்ப உப்பேறிய கிணறுகள்தான் முள். அவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது நல்ல கிணறுகள் மட்டும். ஊர் உப்பாகிக்கொண்டே போகும், உங்கள் கோடு இறங்கிக்கொண்டே வரும். பால்சாமியிடம் பேசி, கோயிலில் ஒரு பூசை போட்டாவது முள்ளை விலக்கித் தண்ணீர் எடுக்கச் சொல்கிறேன். ஒரு மாதம் பொறுங்கள்.

வெயிலில் அலையாதீர்கள். மாமா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
பூமயில்


நெடுங்கரைவயல்,
30.6.2008

அன்புள்ள அத்தானுக்கு,

பூமயில். மழை இல்லை. மாமாவுக்கு இருமல் விட்டிருக்கிறது. உங்கள் பணம் வந்தது.

கம்பெனியின் அறிக்கையைப் பஞ்சாயத்து ஆபீஸில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். உங்கள் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. நீலக் கோடு, வழவழவென்று, இடமிருந்து வலம் இறங்குகிறது. பண்ணை வந்த பிறகு நெடுங்கரைவயல் நிலத்தடி நீரில் உப்பு குறைந்திருக்கிறது என்று கீழே எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே உங்கள் பெயர். எழுத்துரு நன்றாக இருந்தது அத்தான். கிராஃபின் இரண்டு அச்சுகளின் பெயரைக்கூட அழகாகச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். அதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

முதல் புள்ளி பன்னிரண்டு கிணறுகளின் சராசரி. கடைசிப் புள்ளி நாலு கிணறுகளின் சராசரி. எத்தனை கிணறு என்று படத்தில் எங்கேயும் போடவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நம்பத்தான் பார்த்தேன். மறக்கிற ஆள் இல்லை நீங்கள். என் பிறந்தநாளைத் தவிர எதையும் மறந்ததில்லை.

போனில் என்ன சொன்னீர்கள்? காணாமல் போன விவரங்களைத் தள்ளுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம், எல்லோரும் செய்வதுதான் என்றீர்கள். எது காணாமல் போனது? சோலையம்மாள் வீட்டுக் கொல்லையில் கிணறு அப்படியே இருக்கிறது. நம் வீட்டில் இருக்கிறது. சின்ன வயசில் நீங்கள் குதித்து விளையாடிய கிணறு, படியில் உங்கள் பெயரைக் கரண்டியால் கீறி வைத்த கிணறு. அதைத்தான் காணாமல் போனது என்கிறீர்கள்.

அடுத்த மாதம் மங்கலம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பண்ணையை அய்யனார் கோயில் வரைக்கும் நீட்டப் போகிறார்கள். முள் விழாத நாலில் கோயில் கிணறு ஒன்றுதான் இப்போது ஊருக்கே குடிதண்ணீர், மிச்ச மூன்றும் குளிக்கவும் மாட்டுக்கும்தான். அதன் பக்கத்தில் உப்புத் தண்ணீரைக் கட்டினால் அதிலும் முள்ளைப் போட்டுவிட்டு நாங்கள் கண்மாய்ச் சேற்றைப் பிழிந்துதான் குடிக்க வேண்டும்.

முள்ளை விலக்க ஒரு மாதம் கேட்டேன், நீங்கள் தரவில்லை. பூசை போட்டு, பால்சாமி எட்டுக் கிணற்றிலும் இப்போது தண்ணீர் எடுத்துவிட்டான். கலங்கிய கண்ணோடுதான் எடுத்தான். அந்த எண்களைச் சேர்த்து வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கோடு பனைமரம் மாதிரி ஏறுகிறது. உங்கள் படத்தில் இருக்கிற வழவழப்பு இதில் இல்லை, மன்னியுங்கள். பிழை திருத்தம் என்று மேலே இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு முன்னால் அனுப்புங்கள். நான் கொடுத்தால் தாள். நீங்கள் கொடுத்தால்தான் ஆதாரம்.

வேலை நிரந்தரமாகிற நேரம், அதுதான் தயக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கடவுள் உங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

பூமயில்


நெடுங்கரைவயல்,
19.10.2008

அன்புள்ள அத்தானுக்கு,

வேலை நிரந்தரமானதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். மாமா ஊருக்கெல்லாம் சொல்லி மிட்டாய் வாங்கினார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கையெழுத்து வரவில்லை. கூட்டத்துக்கு வெறும் தாளோடுதான் போனேன். சோலையம்மாள் எழுந்து, “எங்க கிணத்துல ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க சாமி” என்றாள். கம்பெனி ஆள் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே உங்கள் நீலக் கோட்டைத் திரையில் போட்டு, இதை வரைந்தவர் வெளியாள் இல்லை, இந்த மண்ணின் மைந்தர் குருநாதன் என்றார். மண்டபம் முழுக்க மாமாவைத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, “ஏலே மலையாண்டி, ஒன் மகன்தானடா போட்ருக்கான், நீ சொல்லு, தண்ணி நல்லாவா இருக்கு?” என்று கேட்டார்கள்.

மாமா எழுந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நம் கிணற்றில் முள் போட்டவர் அவர்தான், அது ஊருக்கே தெரியும். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, “எம் மகன் கணக்குல பிசகு வராதுய்யா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் என் தாளோடு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, “புருசன் போட்டத சபையில தப்புங்கியா தாயி” என்றார். அதிகாரி அடுத்த ஊரைக் கூப்பிட்டுவிட்டார். பண்ணைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. புரட்டாசியிலேயே கோயில் கிணற்றில் முள் விழுந்தது.

இப்போது ஊர் நம் வீட்டோடு பேசுவதில்லை. தண்ணி லாரி வந்தால் நம் குடத்தை யாரும் தள்ளி வைப்பதில்லை, உடைப்பதில்லை. வரிசை நம் குடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மாமா இரண்டு தடவை போய் நின்று பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கொல்லையில் நிற்கிறார். நம் கிணற்று முள்ளையெல்லாம் இழுத்துப் போட்டிருக்கிறார். கை முழுக்க ரத்தம். “மகன் நல்ல தண்ணின்னு எழுதிருக்கான், நம்மதான் கூறுகெட்டுப் போய் மூடி வச்சிட்டோம்” என்றார். மொண்டு குடித்தார். நான் பார்க்கப் பார்க்கக் குடித்தார்.

அன்றிலிருந்து அதுதான் அவருக்குக் குடிநீர். வாந்தி எடுத்தார். கால் வீங்கியது. ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தண்ணீரை நிறுத்தாவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். டாக்டரிடமும் உங்கள் வேலையைப் பற்றித்தான் பெருமை பேசினார். நான் சொன்னால் கேட்கவில்லை. அந்தப் படம் பொய் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை போன பிறகு அவருக்கு இருக்கிற ஒரே பிடிமானம் நீங்கள்தான். அதைப் பிடுங்கினால் தண்ணீரே வேண்டாம், அவர் அன்றைக்கே போய்விடுவார்.

அதனால்தான் உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம், பிழை என்று ஒத்துக்கொள்ள வேண்டாம், ‘குடிக்காதீங்க அய்யா’ என்று ஒரு வார்த்தை, காரணம் எதுவாவது சொல்லிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூப்பிட்டீர்கள். அவருக்குக் காது மந்தம் என்று நான் ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தது உங்களுக்குத் தெரியாது. “தண்ணி ஒண்ணும் செய்யாதுங்கய்யா, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், பழகிரும்” என்றீர்கள். சோலையம்மாள் கோர்ட்டுக்குப் போகப் போகிறாள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்த நேரத்தில் எந்த வார்த்தை யார் காதில் விழுமோ என்ற பயம். பெற்றவரிடம்கூட ஜாக்கிரதையாகப் பேசினீர்கள். மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாத்தியா என்கிற சிரிப்பு.

அத்தான், உங்களை நான் வெறுக்கிறேன். இதை எழுத நாலு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். எழுதிவிட்ட பிறகு ஒன்றும் ஆகவில்லை, விளக்கு எரிகிறது, பேனா எழுதுகிறது.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? அவர் காலையில் ஒரு குடம் மொண்டு, தேற்றாங்கொட்டையை உரசிப் போட்டு, தெளியட்டும் என்று மூடி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் அதை வேலியோரம் கொட்டிவிட்டு, முந்தின நாள் மங்கலத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த கேன் தண்ணீரை ஊற்றி வைக்கிறேன். டியூஷன் சம்பளம் தண்ணீருக்கே போகிறது. கண்டக்டர் கேனுக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறார். இடுப்பு விட்டுப்போகிறது. ஆனால் மாமாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. தண்ணீர் இனிக்கிறது, மகன் சொன்ன மாதிரியே பழகிவிட்டது என்கிறார். எதிரே வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். அவர்கள் காறித் துப்பிவிட்டுப் போகிறார்கள். உங்கள் கோடு இறங்குவது உண்மையாகிவிட்டது அத்தான். நான்தான் சுமந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வருவதாக அவரிடம் சொன்னீர்களாம். கட்டாயம் வாருங்கள். அவர் ஒரு செம்பைப் புளிபோட்டு விளக்கி உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் வாசல் ஏறியதும், கொல்லைக்குக் கூட்டிப் போய், உங்கள் கண்ணெதிரே கிணற்றிலிருந்து மொண்டு, அவர் கையாலேயே தருவார். எதிரில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் கடைசிச் சொட்டு வரைக்கும் முகம் சுளிக்காமல் குடித்துவிடுங்கள். இன்னொரு செம்பு வேண்டுமா என்று கேட்பார், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செம்பை மட்டும் நான் மாற்றி வைக்க மாட்டேன்.

நீண்ட ஆயுளோடு இருங்கள்.

பூமயில்