ஆளில்லாத ஊரின் ஆட்கள்

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம். அக்காவும் நலம், ஏழாம் மாதம் என்பதால் நலத்தைக் கொஞ்சம் கனமாகச் சுமக்கிறாள்.

நீ அனுப்பிய புகைப்படப் புத்தகம் கிடைத்தது. நம் ஊரை இவ்வளவு அழகாக இதுவரை யாரும் காலி செய்ததில்லை. சாத்திய தையற்கடை, வெறிச்சோடிய பேருந்து நிலையம், வெறும் நாற்காலியோடு சலூன். அடியில் நீ எழுதிய ஏக்க வரிகளைப் படித்துவிட்டு, "நாம எல்லாம் எப்பங்க போய்ச் சேர்ந்தோம்?" என்று கேட்டாள் அக்கா.

புத்தகத்தைக் கடை கடையாகக் காட்டினேன். சலூன்காரர் தன் நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். "தம்பி ஊருக்கு வந்து ஆசையா படம் எடுக்குது, நாம குறுக்க நின்னா கெட்டுடுமேன்னு, பாதிச் சவரத்துல இருந்தவரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன்" என்றார். பேருந்து நிலையத்துப் பழக்கார அம்மா கூடையோடு உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாராம். நடத்துநரும் பயணிகளும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்களாம். தையற்காரர் மரியாதைக்காகக் கடையையே சாத்திவிட்டார். நீ ஒருமுறை திரும்பியிருந்தால் ஊரையே பார்த்திருப்பாய்.

சிரித்து முடிப்பதற்குள் கம்பவுண்டர் வந்தார். நம் ஆஸ்பத்திரிக்கு ஒருவழியாக ஒரு டாக்டரம்மாவை நியமித்திருந்தார்கள் அல்லவா? அவர் உன் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு, "ஆளே இல்லாத ஊர்ல யாருக்கு வைத்தியம் பார்க்கறது?" என்று வேறு ஊர் கேட்டிருக்கிறாராம். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் அரை நாள். அந்தச் சாலையையும் நீ எடுத்திருக்கிறாய். பள்ளங்கள் மிகத் தெளிவாக விழுந்திருக்கின்றன. அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிட்டாள்.

ஆகவே ஞாயிறு காலை ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து என் கைபேசியிலேயே ஒரு படம் எடுத்தேன். கலை என்று சொல்ல மாட்டேன். ஒரு மூலையில் என் விரல் இருக்கிறது. கம்பவுண்டர் அதை டாக்டரம்மாவுக்கு அனுப்பிவைத்தார். "இவ்வளவு பேரா?" என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து, அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்பதாக இன்னொரு பதில். பார்ப்பதாகத்தான் சொல்லியிருக்கிறார், தங்குவதாக இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ பெரிய கேமராவோடு வந்தால் நல்லது. உன் படத்தை நம்பித்தான் அவர் பின்வாங்கினார். இன்னொரு முறையும் உன்னை நம்பக்கூடும்.

தம்பிக்கு என்ன எழுதட்டும் என்று அக்காவைக் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். அவனுக்குச் சௌகரியப்பட்டா வரட்டும்" என்றாள், பிறகு உன் அறையைப் பெருக்கப் போய்விட்டாள்.

உனக்குச் சீக்கிரமே சௌகரியப்படட்டும் என்று வாழ்த்தும்,
அத்தான்